மங்கு கட்டிய பன்னிரண்டு தூண்கள்

சட்டைப் பையில் எப்போதும் சாக்கட்டி வைத்திருந்த என் அப்பாவுக்கு,

காளியப்பன் தாத்தா நடந்துவிட்டார்! இதை முதலில் உங்களிடம்தானே சொல்ல வேண்டும்?

காஜா பெராங் முதியோர் இல்லத்தில் நீங்கள் மருந்து போட்டுக் கட்டும் டிரெஸ்ஸராக இருந்தவரை யாரையும் படுக்கையோடு விட்டதில்லை. நீங்கள் கண்மூடியபின் தாத்தா வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் ஆயா பொன்னம்மாக்கா பாசம் மிகுந்து, பசியாறுவதற்குக்கூட அவரை எழுப்பாமல் எல்லாவற்றையும் கட்டிலுக்கே கொண்டுவந்தார். சில வாரங்களில் முழங்கால்கள் மடங்கியபடியே இறுகத் தொடங்கின. அன்புகூடக் காலைக் கட்டிப்போடுமா, அப்பா?

புது டிரெஸ்ஸரிடம் ஓடினேன். நீங்கள் காலையும் மாலையும் எண்ணெய் தடவி முழங்காலை நீட்டி மடக்கியதைச் சொன்னேன்.

"அட, சின்ன டிரெஸ்ஸர் வந்துட்டாங்க!" என்று சிரித்தார். தாத்தாவின் முழங்காலை அழுத்திப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா அவ்வளவுதான். இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

கால்கள் மெல்ல நீண்டன. தாத்தா எழுந்து நின்றார். ஆனால் அடியெடுத்து வைக்கப் பயம். அப்போதுதான் உங்கள் விளையாட்டு நினைவுக்கு வந்தது. தாத்தா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் அல்லவா? அவரைத் தினமும் நடக்கவைக்க, தாழ்வாரத்துப் பன்னிரண்டு தூண்களையும் அவருடைய மரங்களாக்கிச் சாக்கட்டியால் எண் எழுதுவீர்களே! நானும் எழுதினேன். தாத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏம்மா, படிச்ச புள்ள! மங்கு இல்லாத மரத்துல பாலை எங்க புடிக்கிறது? உன் பாவாடையிலயா?"

எல்லோரும் சிரித்தார்கள். மரத்தில் கட்டிப் பால் பிடிக்கும் கோப்பைதானே மங்கு, அதை மறந்துவிட்டேன்! ஓடிப்போய்த் தேங்காய்ச் சிரட்டைகள் கொண்டுவந்து தூணுக்கு ஒன்றாகக் கட்டினேன்.

தாத்தா முதல் சிரட்டையைத் தொட்டு "ஒண்ணு" என்றார். பொன்னம்மாக்கா தாங்கிப் பிடிக்க ஓடிவந்தார்.

"தள்ளு பொன்னம்மா, நான் மரம் வெட்டுறேன்ல!"

அன்று மூன்று மரம். அடுத்த வாரம் ஏழு.

நாட்டின் முதல் சுதந்திர நாளில் இல்லத்து வாசலில் புதுக் கொடி ஏற்றினார்கள். நாற்காலியோடு தூக்கிப் போகிறோம் என்றதற்குத் தாத்தா ஒப்பவில்லை. பன்னிரண்டு தூண்களையும் கடந்து, தூணே இல்லாத வாசல்வரை தானே நடந்தார். கொடிக்கம்பத்தைத் தட்டிப் பார்த்து, "பதிமூணு!" என்றார். பொன்னம்மாக்கா ஓவென்று அழுதார். தேநீர் இப்போது கட்டிலுக்கு வருவதில்லை, கடைசித் தூணருகேதான்.

நேற்று இன்னொருவர் காய்ச்சலோடு வந்திருக்கிறார். கப்பலில் மூட்டை இறக்கியவராம். அவர் படுத்துப் பழகுவதற்குள், எந்தத் தூணில் எதைக் கட்டினால் எழுந்து வருவார் என்று கண்டுபிடிப்பேன். சத்தியம், அப்பா.

சாக்கட்டி இப்போது என் பையில்,
உங்கள் மகள் கமலம்