நடுவில் பிறந்தவள்

அக்கா,

உன் வீட்டுச் சுவரில், நீ சாவி மாட்டும் ஆணியில், அந்தப் பச்சை ஒயர் கூடை திரும்ப வந்து தொங்குகிறது. நீ பின்னியதுதான். ஆறு வருஷம் கொரியாவில் கட்டிலுக்கு அடியில் கிடந்ததை உன் மகள் ரேவதி இப்போது கையோடு கொண்டுவந்தாள். உன் கருமாதிக்கு வந்த சனம் இலையும் சாம்பார் வாளியுமாக ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் எழுந்து போய் அதை மாட்டிவிட்டு வந்து மூலையில் உட்கார்ந்தாள். உள்ளே அவளுடைய பழைய பள்ளிக்கூட உடுப்பு. நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. செத்தவளிடம் என்ன சண்டை என்று ஊர் கேட்கும். கேட்கட்டும். உயிரோடு இருந்தபோது நீ எங்கே சண்டை போட விட்டாய்?

கம்பெனி என் வீட்டுக்காரரைக் கொரியாவுக்கு அனுப்புகிறது என்று தெரிந்த வாரமே நீ வந்தாய். கேன்டீனில் தட்டு கழுவிவிட்டு, அந்த ஈரப் புடவையோடு நேராக என் வாசலில் வந்து உட்கார்ந்தாய். இருங்காட்டுக்கோட்டையில் நம் நிலம் ஃபேக்டரிக்குப் போய், மாமா குடியே கதி என்று கிடந்த நேரம். எங்களுக்குக் குழந்தை இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் நாங்கள் உன்னிடம் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. நீயேதான் ஆரம்பித்தாய்.

"பெரியவ வூட்டு வேலைக்கு ஒத்தாசையா கீறா. சின்னது என்ன வுட்டு இருக்காது. நடுவுலத எடுத்துக்கோ."

கத்திரிக்காய்க் கூறிலிருந்து ஒன்றைத் தள்ளிக் கொடுப்பது போலச் சொன்னாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் வயிறு குளிர்ந்தது அக்கா, அதை மறைப்பானேன். ரேவதி என் செல்லம். மூன்று பேரில் வாய் அதிகம் அவளுக்குத்தான்.

தத்துக் கொடுத்த அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். ஒன்பது வயசுப் பெண்ணை மடியில் உட்கார வைத்தால் கால் இரண்டும் தரையில் கிடக்கிறது. என் தொடை மரத்துப் போயிற்று. மாமா அன்றைக்குக் குடிக்காமல் வந்து, வெற்றிலை பாக்கோடு அவள் கையைப் பிடித்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தார். நீ மஞ்சள் தண்ணீர் வார்த்தாய். கூச்சத்தில் நெளிந்துகொண்டே இதெல்லாம் எதற்கு என்று அவள் உன்னைக் கேட்டாள். பாஸ்போர்ட்டுக்கு என்றாய். பத்து நாள் சித்தியோடு போய் ஏரோப்ளேன் பார்த்துவிட்டு வா என்றாய். கிளம்புவதற்குள் நீயே பக்குவமாகச் சொல்லிவிடுவாய் என்று நம்பினேன்.

எங்கே சொன்னாய்? ஏர்போர்ட்டுக்குப் போக வேன் வந்து நின்றபோதும் தலையைக் கோதி, "போய்ட்டு வா கண்ணு" என்றுதான் அனுப்பினாய். நான் முறைத்ததற்கு, பிள்ளை அழுதுகொண்டே போனால் நன்றாக இருக்காது என்று என் காதில் சொன்னாய். அரைப் பரீட்சை லீவு முடிந்ததும் ஸ்கூலுக்குப் போக வேண்டுமே என்று அவள்தான் அந்த உடுப்பை மடித்துக் கூடையில் வைத்தாள். நீ பார்த்துக்கொண்டு நின்றாய்.

அங்கே குளிர் எலும்பைத் தொட்டது. அவர் காலையில் ஃபேக்டரி லைனுக்குப் போனால் ஓ.டி. முடித்துத்தான் வருவார். கடைக்குப் போனால் எந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியாது. உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைப் போட்டு ஒரு முழுக் குழம்பையும் கொட்டினேன். நானே திண்டாடிக்கொண்டிருந்தேன், கூடவே இவள். கம்பளிச் சட்டை வாங்கக் கூப்பிட்டால், "இன்னாத்துக்கு சித்தி? நாமதான் பூடுவோமே" என்பாள். அந்த ஊர் ஸ்கூலில் சேர்த்துவிட்டோம். வாயாடிப் பெண் அங்கே வாயைத் திறக்கவில்லை என்று டீச்சர் கூப்பிட்டனுப்பினார்கள். இரண்டு வார்த்தை கற்றுக்கொள்ளேன் என்று கெஞ்சினால், ஊருக்குப் போகிறவளுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹைவே ஓரத்து போன் பூத்துக்கு உன்னை வரச் சொல்லிக் கூப்பிடுவேன். ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் ஊருக்கு வந்துவிடலாம் என்று அவளிடம் சொன்னாய். ரிசீவரைப் பிடுங்கி, உண்மையைச் சொல்லித் தொலை என்று உன்னைத் திட்டினேன்.

"என்னால ஆவாதுடி. நீயே சொல்லிக்கோ" என்றாய்.

பெற்றவள் நீ. சொல்ல வேண்டியவள் நான். நல்ல நியாயம்.

ஜூன் மாசம் வந்தது. நம்ம ஊரில் ஸ்கூல் திறக்கிற நாள் அவளுக்குத் தெரியும். காலையில் நீலப் பாவாடை கட்டி, கூடையைக் கையில் பிடித்து, வாசல் கதவருகே நின்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை.

"பொய். எங்கம்மா போய்ட்டு வான்னுதான் சொல்லிச்சு. நீதான் என்ன புடிச்சு வெச்சிகினுகீற" என்றாள்.

அன்றோடு என்னைச் சித்தி என்று கூப்பிடுவதை நிறுத்தினாள். அம்மா என்றும் கூப்பிடவில்லை. ஆறு வருஷமாக நான் அவளுக்கு 'இங்க பாருங்க'தான். கொரியப் பேச்சு இப்போது தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் முதலாவதாக வருகிறாள். தமிழ்கூட என் வீட்டுக்காரருடைய தெக்கத்திப் பேச்சாகிவிட்டது. காய்ச்சல் வந்தால் நான்தான் கஞ்சி வைக்கிறேன், குடிக்கிறாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு குடிக்கிறாள்.

அந்த ஜூனுக்குப் பிறகு நீ போன் பூத்துக்கு வரவில்லை, இத்தனை வருஷம் எங்களாலும் ஊருக்கு வர முடியவில்லை. உன்னை எடுத்தபோதும் அவள் இல்லை. ஃப்ளைட் கிடைத்து நாங்கள் வந்து சேர்ந்தது கருமாதிக்கு. ஒப்பாரி வைத்த பெண்கள் அவளை இழுத்துக் கட்டிக்கொண்டார்கள். கட்டை மாதிரி நின்றாள். பெண் கல்நெஞ்சக்காரி, சித்திக்காரி சீமையில் வளர்த்து இப்படி ஆக்கிவிட்டாள் என்று என் காதுபடவே பேசினார்கள்.

நேற்றுச் சாயங்காலம் குழாயடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கணும். நீங்க என்னைக் கேட்டு வாங்கினீங்களா? இல்ல, அம்மாவா குடுத்தாங்களா? மூணு பேர்ல ஏன் என்னை?"

அக்கா, எத்தனை வருஷம் நான் காத்திருந்த கேள்வி அது. உன் ஈரப் புடவை, நீ உட்கார்ந்த வாசல்படி, நீ சொன்ன அந்த வார்த்தை எல்லாம் தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் பழி என் தலையிலிருந்து இறங்கியிருக்கும். ஒருவேளை அவள் என்னைச் சித்தி என்றாவது கூப்பிட்டிருப்பாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அச்சு அசல் உன் முகம். கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தேன்.

"நான்தான் கேட்டேன். உங்கம்மா முடியவே முடியாதுன்னுச்சு. மூணுல நீதான் வேணும்னு நான்தான் அடம்புடிச்சேன். அது அழுதுகினேதான் குடுத்துச்சு."

அவள் எழுந்து உள்ளே போய், உன் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். ஊரே திரும்பிப் பார்க்கிற அழுகை. அம்மா, அம்மா என்று கத்தினாள். நான் மிச்சப் பாத்திரத்தைக் கழுவினேன்.

இன்றைக்குக் கிளம்புகிறோம். கூடையை எடுக்கப் போனேன், அது இங்கேயே இருக்கட்டும் என்றாள். அவ்வளவுதான் பேசினாள். நீ சொன்ன பொய்க்கு ஆறு வருஷம் வயிறு எரிந்தேன், இன்னும் எரிகிறேன், நீ போய்விட்டாய் என்பதற்காக ஆறிவிடாது. நடுவுலத எடுத்துக்கோ என்று நீ சொன்னது இனி என் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. சாகிறவரைக்கும் அது அவள் காதில் விழாது. நான் சொன்ன பொய் உன் மானத்தைக் காப்பாற்ற என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. என் மகளுக்காகச் சொன்னேன்.