ஜன்னலில் வெளிச்சம் எந்தப் பக்கம்

அன்பு மகள் பாப்புவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நேரத்துக்குப் பசியும் படுத்தால் தூக்கமுமாக இருக்கிறோம், அதையே சௌக்கியம் என்று எடுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் நினைப்பு. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து நாலு வாரம் ஆகிறது. கட்டைப் பிரித்ததும் முதல் வேலையாக என் முகத்தைப் பார்த்து, 'இவ்வளவு சுருக்கம் விழுந்திருக்கு, யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே' என்றார். இன்னொரு கண்ணை அப்படியே விட்டுவிடச் சொல்லலாமா என்று டாக்டரைக் கேட்பதாக இருக்கிறேன். சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன், சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உன் அத்தை வழக்கம்போல வாரம் ஒருமுறை கோபித்துக்கொண்டு வாரம் ஒருமுறை சமாதானம் ஆகிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம். போனில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். தனியாக இருக்கும்போது நிதானமாகப் படி.

எங்கள் இளைஞர் மையத்தில் இருந்து என்னை மூன்று நாள் பயிற்சிக்கு அனுப்பியது உனக்குத் தெரியும். பிள்ளைகள் போனில் ஆசையாகப் பேசுவது, படம் அனுப்பிக்கொள்வது, அதில் ஒருத்தர் மாட்டிக்கொண்டால் எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கூட நிற்பது என்று பாடம். ஐம்பத்தேழு வயதில் இது எனக்குத் தேவையா என்று கூச்சத்தோடுதான் போனேன். நூலகத்துக்கு மேல்மாடியில் ஓர் அறை, வட்டமாகப் பதினொரு நாற்காலி, ஒரே ஒரு பெரிய ஜன்னல். சொல்லிக்கொடுக்க வந்தவளுக்கு உன் வயதுதான் இருக்கும். சத்தமே போடாமல் பேசுவாள், நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்து உட்காருவோம். முதல் நாளே விளையாட்டுப் பயிற்சியாளர் ஒருவர் எழுந்து, 'போனைப் புடுங்கிட்டா முடிஞ்சுது, இதுக்கு எதுக்கு மூணு நாளு' என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'புடுங்கலாம் சார். அடுத்த தடவை அவ உங்ககிட்ட சொல்ல மாட்டா, அவன்கிட்டதான் சொல்லுவா' என்றாள். பிள்ளைகளுக்குப் போன் வழியாக வரும் பிரியமும் பிரியம்தான், அதைக் கேலி செய்தால் அபாயத்தைப் பற்றிச் சொல்ல நமக்கு வாய் இருக்காது என்றாள். எனக்குச் சுருக்கென்றது, ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டாம் நாள் காலை ஒரு தட்டில் பதினொரு போன் கொண்டுவந்தாள். வெளியுலகத் தொடர்பு எதுவும் கிடையாது, அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் பேசும். ஒவ்வொருவரும் பதினாலு வயதுப் பிள்ளையாக நடிக்க வேண்டும். எனக்கு வந்தது மாமா வீட்டில் தங்கிப் படிக்கும், சிநேகிதி இல்லாத பெண். அந்தப் பக்கம் இருந்து முன்பின் தெரியாத ஒருவன் பேசுவான், உங்கள் மனதில் என்ன ஓடுகிறது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள் என்றாள். பக்கத்து அறையில் யாரோ உட்கார்ந்து தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். முதலில் 'சாப்பிட்டியா' என்று வந்தது. ஆச்சு என்று போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, 'இன்னைக்கு உன்னை யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா' என்று வந்தது. பாப்பு, நான் நடித்துக்கொண்டிருந்தவள்தான், ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். வீட்டில் 'இந்தா', 'ஏய்', மையத்தில் 'அக்கா'. என் பெயரை யாரும் கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்கே தெரியவில்லை. இல்லை என்று உண்மையைப் போட்டேன். அப்புறம் வந்தது, 'உன் ஜன்னல்ல இப்ப வெளிச்சம் எந்தப் பக்கம் விழுது'. என்ன அழகான கேள்வி என்று தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், பதினொரு பேரும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு அதே ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் நான் பதில் போட்டேன், அதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் பாதியில் கையைக் கழுவிவிட்டு வந்து போனைத் திறந்தேன். நான் எதுவும் தட்டுவதற்கு முன்பே, 'வந்துட்டியா. காத்துக்கிட்டிருந்தேன்' என்று வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று காகிதத்தில் எழுதி, வெட்கப்பட்டு அடித்துவிட்டேன். சாயங்காலம் அவள் பக்கத்து அறைக் கதவைத் திறந்து காட்டினாள். ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், காலியாக ஒரு நாற்காலி. 'யாரும் இல்ல. எல்லாம் பழைய மெசேஜ். முன்னாடி ஒரு பொண்ணுக்கு வந்தது. நீங்க என்ன பதில் போட்டாலும், போடாட்டியும், அடுத்தது அதேதான் வரும்' என்றாள். போன்களை வரிசையாக வைத்துப் பார்த்தோம். கெட்ட வார்த்தையில் திட்டிய விளையாட்டுப் பயிற்சியாளருக்கும் எனக்கு வந்த அதே வரிதான் வந்திருந்தது, 'நீ மத்தவங்க மாதிரி இல்ல' என்று. ஆனால் நாங்கள் பதினொரு பேருமே, அது நாங்கள் சொல்வதைக் கேட்டுத்தான் பேசுகிறது என்று நம்பியிருந்தோம். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எதற்குக் கேட்கிறான் என்று சொன்னாள். பிள்ளை எந்த அறையில் இருக்கிறது, கூட ஆள் உண்டா என்பதை அங்கிருந்துதான் ஆரம்பிப்பானாம். கடைசியாக, நீங்களாக ஒரு வார்த்தை தட்டிவிட்டுப் போனை அணைத்துவிடுங்கள் என்றாள். நான் 'போறேன்' என்று போட்டேன். உடனே 'எங்க போற' என்று வந்தது. அணைக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து, 'அதுவும் பழசுதான்க்கா' என்று தானே அணைத்தாள்.

எல்லோரும் போனபின் ஒயர்களைச் சுருட்டுவதற்கு உதவி செய்தேன். அந்த மெசேஜ்கள் வந்த பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். 'நல்லாத்தான் இருக்கேன்' என்றாள். எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. ஆள் கிடைத்தானா என்றேன், இல்லை என்று தலையை ஆட்டினாள். மாதா மாதம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறாயே, எப்படியம்மா தாங்குகிறாய் என்றதற்கு, 'தனியா படிச்சப்ப அது பெருசா இருந்துச்சு. பதினொரு பேரு படிக்கிறப்ப கொஞ்சம் சின்னதாயிடுது' என்றாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், எங்கள் மையத்துக்குக் கீழே லாண்டரி வைத்திருப்பவரின் மகள் வந்தாள். பதினாலு வயது, வாயாடி, வந்தால் கேரம் போர்டை யாருக்கும் விடமாட்டாள். அன்றைக்கு வந்தவள் நேரே போய் வெயில் நன்றாக அடிக்கும்போதே திரையை இழுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்தாள். பக்கத்தில் போய் நானும் தரையில் உட்கார்ந்தேன், எதுவும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்துப் போனை நீட்டி, 'இதைப் படிச்சிட்டு என்னைத் திட்டிக்கோங்கக்கா' என்றாள். முதல் வரி, சாப்பிட்டியா. இரண்டாவது வரி, பேர் சொல்லிக் கூப்பிட்டாங்களா. விரலால் தள்ளுவதற்கு முன்பே அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரிந்தது, அதுவே வந்தது, வரிசை மாறாமல். அவள் ஒரு படம் அனுப்பியிருந்தாள், அதைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்புவேன் என்று அவன் மிரட்டிக்கொண்டிருந்தான். ஏன் அனுப்பினாய் என்ற கேள்வி என் தொண்டைக்குழி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். சொன்னதற்கு நன்றி என்றேன், தப்பு உன்னுடையது இல்லை என்றேன், போனை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். எதையும் அழிக்காமல் எடுத்து வைத்துக்கொண்டோம். வேறு யாருக்குச் சொல்லலாம் என்று அவளையே கேட்டேன். 'அப்பாக்கு நீங்க சொல்லுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்' என்றாள். அவர் முழுவதையும் கேட்டார், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார், மகளைப் பார்த்து, 'சாப்பிட்டியாம்மா' என்றார். அந்தப் பிள்ளை வெடுக்கென்று பின்னால் நகர்ந்தது பாப்பு, அடி விழப்போகிறது போல. அவன் அந்த வார்த்தையைக்கூட விட்டுவைக்கவில்லை. அவர் வேறு வார்த்தை தேடி, கிடைக்காமல், கையை மட்டும் நீட்டினார், அவள் வந்து பிடித்துக்கொண்டாள்.

பயிற்சி கொடுத்தவளைக் கூப்பிட்டேன், அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். புகார் கொடுத்தோம். படம் வெளியே பரவுவதற்குள் தடுத்துவிட்டார்கள், பதினோராம் நாள் ஆளையும் பிடித்தார்கள். தனக்கு எழுதியவனே மாட்டிவிட்டானோ என்று பயிற்சி கொடுத்தவள் முகத்தில் ஓர் எதிர்பார்ப்பு இருந்தது, எனக்கும்தான். ஆனால் பிடிபட்டவனுக்கு இருபத்திரண்டு வயது, வேறு ஊரில் மொபைல் கவர் விற்கும் கடையில் வேலை. அவளுக்கு அந்த மெசேஜ்கள் வந்தபோது அவன் ஐந்து வயதுப் பிள்ளை. எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்டதற்கு, ஒரு குழுவில் கிடந்தது, எல்லாரும் இதைத்தான் அனுப்புகிறார்கள், யார் எழுதியது என்று தெரியாது என்றானாம். முதலில் எழுதியவன் செத்தானா இருக்கிறானா, எத்தனை வீட்டு ஜன்னலுக்குள் அந்த வரி போய்வந்தது, யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, 'சரிக்கா, அவன் வேண்டாம். வரிங்க நம்மகிட்ட இருக்குல்ல, செவுத்துல ஒட்டிடலாம்' என்றாள். பெரிய எழுத்தில் அச்சடித்துக் கூடத்தில் ஒட்டினோம். பிள்ளைகள் சத்தம் போட்டுப் படித்து நாடகக்குரலில் கிண்டல் செய்து சிரித்தார்கள். சிரிக்காமல் நின்ற இரண்டு பெண்கள் மறுநாள் தனித்தனியாக என்னைத் தேடி வந்தார்கள். இரண்டும் ஆரம்பத்திலேயே தெரிந்ததால் சேதமில்லை. லாண்டரிக்காரர் மகள் கேரம் போர்டுக்குத் திரும்பிவிட்டாள், போன வாரம் மூன்று ஆட்டம் தோற்றேன்.

இந்தக் கதையைத்தான் போன ஞாயிற்றுக்கிழமை போனில் உனக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அந்த ஜன்னல் வரியைச் சொன்னதும் நீ பேச்சை நிறுத்திவிட்டாய். லைன் கட்டாகிவிட்டதோ என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். பிறகு அடுப்பில் பால் இருக்கிறது என்று வைத்துவிட்டாய். நீ பால் குடித்து எத்தனை வருஷமாகிறது என்று எனக்குத் தெரியாதா. போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், பதினாறு வருஷத்துக்கு முந்தின உன் அறை என் கண் முன்னால் வந்து நின்றது. பத்தாம் வகுப்பு முழுக்க நீ பகலில் திரையைத் திறக்கவே இல்லை. பகல்ல எதுக்குடி லைட்டு என்று கத்தினேன். யாரோடோ பேசுகிறாய் என்று தெரிந்து போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன், மூன்று மாதம் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாவையும் பேசவிடவில்லை. அந்த மூன்று மாதத்தில் உனக்கு ஆறுதலாக இருக்க இந்த வீட்டில் ஓர் ஆள்கூட மிஞ்சவில்லை, அதைச் செய்தது நான்.

உனக்கு என்ன நடந்தது, நடந்ததா இல்லையா, நான் கேட்கப்போவதில்லை. அப்பாவிடமும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு எப்போதாவது தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் வேண்டாம், அதற்காக என்னோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொள்ளாதே. என்னிடம் வேண்டாம், வேறு யாரிடமாவது என்றால், பயிற்சி கொடுத்த அந்தப் பெண்ணின் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவளும் எதுவும் கேட்கமாட்டாள்.

உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசீர்வாதம் என்றும் உண்டு, மனதில் பாரமில்லாமல் நீண்ட ஆயுளோடு இருங்கள். கடைவாய்ப் பல்லைக் காட்டுவதற்குத் தேதி வாங்கினாயா, இன்னும் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போலக் கூப்பிடுகிறேன், எடுக்க மனமில்லை என்றால் எடுக்காதே, அடுத்த ஞாயிறும் கூப்பிடுவேன். பீரோவைப் பூட்டிய அன்றைக்கு நீ கதவைப் பிடித்துக்கொண்டு, 'நான் ஒண்ணும் பண்ணலம்மா' என்றாய். நான் பதில் சொல்லாமல் போய்விட்டேன். இப்போது சொல்கிறேன். உன்னை நம்புகிறேன். ஏதாவது பண்ணியிருந்தாலும் நீ குழந்தை, நான்தான் பெரியவள்.

என்றும் உன்,
அம்மா