கையெழுத்து என்னுடையதுதான்

பெசன்ட் நகர்,
1.1.1996

திரு. வேதாந்தம் அவர்களுக்கு,

முதல் வரியில் எப்போதும் எழுதும் நமஸ்காரத்தை விட்டுவிட்டேன். மறதியில்லை.

நேற்று நான் பெட்டியோடு கிளம்பியபோது, "கோபம் தணிஞ்சதும் ஆத்துக்கு வந்து சேரு" என்றீர்கள், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல். என்ன கோபம் என்று கேட்கவில்லை. அதனால் எழுதுகிறேன். வஜீஹா வீட்டில் இருக்கிறேன். பதினெட்டு வருஷமாகக் கல்லூரியில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி, உங்களுக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை மண்டபம் ஆய்வு நிலையத்துக்கு போன் செய்தேன். பிப்ரவரியில் வேலையில் சேரும்போது தங்க இடம் கிடைக்குமா என்று கேட்பதற்கு. "குடும்பச் சூழ்நிலையால வர இயலாதுன்னு நீங்கதானே எழுதியிருந்தீங்க அம்மா? கீழே இருக்கறது உங்க கையெழுத்துதானே?" என்றார் அங்கிருந்த அதிகாரி. எஸ்.டி.டி. பூத்துக்குள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். பிறகு, "ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான்" என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

இருபத்து நான்கு வருஷமாக வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, பத்துப் பத்தாக உங்கள் இழுப்பறையில் வைத்து வருகிறேன். காஸ், டெலிபோன், ரேஷன் கார்டு, எதற்கென்றாலும் மேலே நீங்கள் டைப் அடித்துக்கொள்வீர்கள். "உனக்கு ஆபீஸ் பாஷை வராது நீரஜா." தாவரவியலில் எம்.ஃபில். வாங்கியவளிடம்! நானும் சௌகரியம் என்று இருந்துவிட்டேன். அது என் முட்டாள்தனம். அதே தாளில் என் ஒரு வருஷத்தை ரத்து செய்தீர்களே, அதற்கு என்ன பெயர்?

புது வருஷத் தீர்மானங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. டைரி தாங்கும் வரைதான் அவை தாங்கும். ஆனால் நவம்பரில் மண்டபத்திலிருந்து அந்த ஒரு வருஷ ஆய்வு வேலைக்கான உத்தரவு வந்ததிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே கனவு கண்டேன். முழங்கால் தண்ணீரில் நின்று கடற்பாசி சேகரிக்கிறேன். சாயங்காலம் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறேன். யாருக்கும் காப்பி போடவில்லை. நாற்பத்தெட்டு வயதில் இப்படியா என்று வெட்கமாகக்கூட இருந்தது. இப்போது வெட்கம் போய்விட்டது. ஆத்திரம்தான் இருக்கிறது.

ஏன் செய்தீர்கள்?

நீரஜா

*

மயிலாப்பூர்,
4.1.1996

சௌ. நீரஜாவுக்கு ஆசீர்வாதம். இவ்விடம் நானும் ஷ்ரேயாவும் சௌக்கியம். சமையற்கார மாமி தயவில் சாப்பாடும் ஆகிறது.

உன் கடிதம் கண்டேன். பதில் கீழ்க்கண்டவாறு:

1. தை பிறந்ததும் ஷ்ரேயாவுக்கு வரன் பார்க்கத் தொடங்க வேண்டும். ஸ்ரீனிவாசராகவன் வீட்டார் 21-ஆம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெண்ணின் அம்மா எங்கே என்று கேட்டால் கடலில் பாசி பொறுக்கப் போயிருக்கிறாள் என்றா சொல்வது?

2. உன்னிடம் சொன்னால் வாக்குவாதம் வரும். அதைத் தவிர்க்கவே நானே எழுதினேன். உன் பெயருக்கு இழுக்கு வராமல் மிகக் கௌரவமாகவே எழுதியிருக்கிறேன். நகல் இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

3. கனவு காண்பதை யாரும் தடுக்கவில்லை. இங்கே இருந்துகொண்டே காணலாம்.

பொங்கலுக்குள் வந்துவிடு. வஜீஹா குடும்பத்துக்கு நாம் பாரமாக இருக்கக் கூடாது.

வேதாந்தம்

*

பெசன்ட் நகர்,
8.1.1996

திரு. வேதாந்தம் அவர்களுக்கு,

கட்டிய மனைவிக்கு எண் போட்டுப் பதில் எழுத உங்களால்தான் முடியும். மூன்றாவது பத்தியை வஜீஹாவிடம் படித்துக் காட்டினேன். "அடியே, கனவுக்கும் உன் வீட்டுக்காரர்கிட்ட பர்மிஷன் லெட்டர் வாங்கணுமா?" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

நீங்கள் எழுதியது கௌரவமான கடிதம்தான். அதனால்தான் உடனே நம்பிவிட்டார்கள். அந்த இடத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து நெடுஞ்செழியன் என்பவரை எடுத்தாகிவிட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஷ்ரேயா சனிக்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் ஆபீஸ் முடிந்து நேராக இங்கே வந்தாள். "அம்மா, எனக்கு இப்போ கல்யாணம் வேண்டாம்னு அப்பாகிட்ட நாலு தடவை சொல்லியாச்சு. அஞ்சாவது தடவை எழுதிக் கொடுக்கணுமா?" என்றாள். எழுதிக் கொடுக்காதே, கீழே கையெழுத்து மட்டும் போட்டு எதையும் கொடுக்கவே கொடுக்காதே என்றேன். இருபத்து இரண்டு வருஷத்தில் நான் அவளுக்குச் சொன்ன ஒரே உருப்படியான புத்தி அதுதான்.

மண்டபத்துக்கு மறுபடி பேசினேன். நடந்ததைச் சொல்லவில்லை. உங்கள் மானத்துக்காக அல்ல, என் மானத்துக்காக. ஊதியம் இல்லாமல் வந்தால் ஆய்வகத்தில் ஒரு மேசை தருகிறார்களாம். கல்லூரியில் ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். விண்ணப்பத்தைக் கையால் எழுதினேன். முதல்வர் படித்துவிட்டு, "தெளிவா எழுதியிருக்கீங்களே" என்றார்.

பொங்கலுக்கு வரமாட்டேன். தை இரண்டாம் தேதி எழும்பூரில் ரயில்.

நீரஜா

*

மயிலாப்பூர்,
11.1.1996

நீரஜா,

ஸ்ரீனிவாசராகவன் வீட்டாருக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷ்ரேயா என்னோடு பேசுவதில்லை.

எண் போடாமல் எழுதுகிறேன். நான் செய்தது தப்பாக இருக்கலாம். நீ ஒரு வருஷம் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை டைப் அடிக்கத் தெரியாமல் வேறொன்றை அடித்துவிட்டேன் என்று வைத்துக்கொள்.

ஆபீஸில் ஒருவர், உங்கள் மனைவி அங்கே எதைப் பற்றி ஆராய்ச்சி செய்யப்போகிறார் என்று கேட்டார். கடற்பாசி என்றேன். அதில் என்ன என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுது.

வேதாந்தம்

*

பெசன்ட் நகர்,
14.1.1996

அன்புள்ள உங்களுக்கு,

அன்பு என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மனமில்லை, இருக்கட்டும். சமாதானம் என்று அதற்கு அர்த்தம் செய்துகொள்ள வேண்டாம்.

அதில் என்ன என்பது நவம்பரில் வந்த உத்தரவிலேயே நாலு வரியில் இருக்கிறது. அதைப் படிக்காமலேயா வரமாட்டேன் என்று டைப் அடித்தீர்கள்? என்ன வேலை என்றுகூடப் பார்க்காமல் ஒருத்தியின் வேலையை மறுக்க முடிந்திருக்கிறதே! இந்த இரண்டு வாரத்தில் எனக்கு வந்த கோபத்திலேயே பெரிய கோபம் இதுதான். உங்கள் கடிதத்தின் மற்ற வரிகள் அதைக் குறைக்கவில்லை.

ஆனாலும் பதில் எழுத உட்கார்ந்தேன். இருபத்து நான்கு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பாசி அலையடிக்கும் பாறையை எப்படிப் பற்றிக்கொள்கிறது, எந்த மாதத்தில் விட்டுவிடுகிறது என்று இரண்டு பக்கம் ஓடியது. மூன்றாம் பக்கத்தில், இது உங்களுக்கு அலுக்குமோ, இந்த வரியை எடுத்துவிடலாமோ என்று யோசிக்கிறேன் என்பதைக் கவனித்தேன். பேனாவை மூடிவிட்டேன்.

அந்த இரண்டு பக்கத்தையும் ஷ்ரேயாவுக்கு அனுப்பியிருக்கிறேன். அவளிடம் கேளுங்கள். படித்துக் காட்டினாலும் காட்டுவாள். காட்டாவிட்டால் அது அவள் இஷ்டம்.

நீரஜா