கடலூரில் கட்டிய பொட்டலம்

நவம்பர் 9, 1934. பாகூர்

விடாத மழை. ஆஸ்பத்திரிக் கூரை ஒழுகல். மலேரியாவுக்கான கொயினா தீர்ந்துவிட்டது, புதுச்சேரிக்கு எழுதியும் சரக்கு வரவில்லை. சோம்பேறிகள்.

கரிக்கலாம்பாக்கம் கோவிந்தன் பெண்சாதி அஞ்சலை. ஏழு மாதக் கர்ப்பம், மலேரியா. சீட்டு: கொயினா 1 gr., தினமும். பிரெஞ்சு எல்லை தாண்டிக் கடலூரில் வாங்கச் சொன்னேன்.

நவ. 12

வெயில். சவரத்துக்கு ஆள் வரவில்லை.

கோவிந்தன் வந்தான். "பொட்டலம் தவறாம குடுக்கறேன் டாக்டரே. ஒடம்பு இன்னும் அனலா கீது." மலேரியா இல்லையோ? டைபாய்டா? எரிச்சல். கஞ்சி மட்டும் கொடு என்று அனுப்பினேன்.

நவ. 14

நேரில் போனேன். வண்டி சேற்றில். அஞ்சலைக்குப் பிதற்றல். மிச்சப் பொட்டலத்தைப் பிரித்தால் ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவுகூட இல்லை. சீட்டை வாங்கிப் பார்த்தேன்.

நமக்குப் பிரெஞ்சு அளவு, gr. என்றால் கிராம். கடலூரில் இங்கிலீஷ் அளவு, கிரேன். பதினைந்தில் ஒரு பங்கு!

கடலூர் மருந்துக்கடைக் கம்பவுண்டர் சந்தேகப்பட்டுக் கோவிந்தனைக் கேட்டாராம்: "புள்ளத்தாச்சியா?" ஆமாம் என்றதும், "அதான் டாக்டர் பயந்து கம்மியா எழுதிகிறாரு." கர்ப்பத்துக்குக் கொயினா ஆகாது என்று எல்லோருக்கும் பயம். அவரை என்ன சொல்ல? கிராம் என்று முழுதாக எழுத எனக்குக் கை வலித்திருக்கிறது.

வில்லியனூர்ப் பாதிரியாரிடம் கெஞ்சி அவர் கையிருப்பை வாங்கிவந்தேன். முழு அளவு கொடுத்தாயிற்று.

நவ. 16

காய்ச்சல் இறங்கியது. கண் திறந்தாள். "வவுத்துல அசைவே இல்லியே டாக்டரே?"

குழல் வைத்துத் துடிப்பைத் தேடினேன். இல்லை.

நவ. 17

இறந்தே பிறந்தது. ஆண். சாப்பிடப் பிடிக்கவில்லை.

நவ. 18

தூறல். கோவிந்தன் தன் வீட்டு வாசலிலேயே மறித்தான். மிச்ச மருந்தை நீட்டினான். "வாணாம் டாக்டரே. ஒங்க பெரிய பொட்டலந்தான் புள்ளயக் கொன்னுச்சின்னு எல்லாருஞ் சொல்றாங்க."

நிறுத்தினால் காய்ச்சல் திரும்பும். அவளும் போய்விடுவாள். கடலூர்க் கம்பவுண்டர் தலையில் பழியைப் போட்டிருந்தால் நம்பியிருப்பான். வாய்வரை வந்தது.

"மருந்து கொல்லலை. முதல்ல குடுத்தது பத்தலை. அதனாலதான்."

"ஏன் பத்தல?"

"நான் எழுதின லட்சணம். அங்க வேற அளவுன்னு யோசிக்காம சுருக்கி எழுதிட்டேன்."

அடிப்பான் என்றே நினைத்தேன். நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். பொட்டலத்தோடு உள்ளே போனான். போர்வையை விலக்கும் சத்தம். அவன் குரல்: "வாயத் தொற புள்ள."