அகராதியில் உங்கள் விரல் கறை

பாய்,

இன்று மத்தியானம் மெட்ராசுக்கு வாரக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைக்காக இங்கிலீஷ் அகராதியைத் தூக்கினேன். அது வழக்கம்போல ஒரே இடத்தில்தான் பிளந்துகொண்டது. ஜி எழுத்துப் பக்கம். ஓரத்தில், ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பழுத்த உங்கள் விரலின் கறை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிறது. கறை மட்டும் நேற்று வைத்தது போல இருக்கிறது.

இந்த அகராதியை வேலூர் பஜாரில் பழைய சாமான் கடையில் வாங்கிய மறுநாள் நான் எப்படிக் குதித்துக்கொண்டிருந்தேன் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் நான் கடிதம் எழுதும் ரைட்டர். நீங்கள் தோல் உலர்த்தும் களத்துக்கு மேஸ்திரி. எண்ணெய் தடவிய ஆட்டுத்தோல் கொடியில் தொங்கும்போது பாலாற்று மணலை வாரிக்கொண்டு காற்று வந்தால் போச்சு, மணல் அப்படியே எண்ணெயில் ஒட்டிக்கொள்ளும். அதனால் பகலில் நீங்கள் களத்தை விட்டு நகரமாட்டீர்கள். உங்கள் சாப்பாடுகூட அங்கேதான் வரும். அப்படிப்பட்ட மனிதரை, "ஒரே நிமிஷம், வாங்க பாய்" என்று ஆபீசுக்குள் இழுத்து வந்தவன் நான். என் பெருமையைக் கேட்க எனக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

வேகத்துக்கு வெள்ளைக்காரன் எத்தனை வார்த்தை வைத்திருக்கிறான் என்று ஒவ்வொன்றாக வாசித்து அர்த்தம் சொன்னேன். நீங்கள் கையாலேயே காட்டினீர்கள். டார்ட் என்றதும் உங்கள் விரல் சுவரில் விருட்டென்று ஓடி நின்றது. "இது பல்லி" என்றீர்கள். கேன்டருக்கு, ஸ்டேஷன் ஜட்கா குதிரை போல மேசையில் தாளம் தட்டினீர்கள். "நடக்க, ஓட இவ்ளோ பேரா? அவனுக்கு வேற வேலயே இல்லியா ரைட்டரே?" என்று நீங்கள் கேட்க, நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அந்தச் சிரிப்பில்தான் காற்றில் கேட் படாரென்று அடித்தது. நாம் வெளியே ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. "எடு" என்று குரல் கொடுக்க வேண்டியவர் என் மேசையருகே இருந்தார். குரல் வராமல் யாரும் தோலில் கை வைப்பதில்லை என்பதுதான் களத்து வழக்கம். கொடி நிறைய மணல் பூசிய தோல்.

மெட்ராஸிலிருந்து சரக்கு எடுக்கும் துரை எழுதிவிட்டார்: மேஸ்திரியின் அஜாக்கிரதை என்றால் ஆளை மாற்று, இல்லையென்றால் காரணம் சொல். பதில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. உங்கள் மூத்த பெண்ணின் நிக்காவுக்குத் தேதி வைத்திருந்தீர்கள். நான் தயங்கவே இல்லை. அகராதியிலேயே பெரிய காற்றைத் தேடிப்பிடித்து, ஹரிகேன் அடித்தது, மனித சக்தியால் தடுக்க முடியவில்லை என்று எழுதி, அகராதியும் கையுமாகக் களத்துக்கு வந்து உங்களுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்டின்னா எம்மாம் பெரிய காத்து?"

"மரமெல்லாம் சாயும். கூரையெல்லாம் பறக்கும்."

"இன்னா ரைட்டரே! நம்ம கூரை ஒரு ஓடுகூட நகரல. பக்கத்து ஷாப்ல ஒரு தோல் கெடல, அவங்க டைமுக்கு எடுத்துட்டாங்க. துரை அங்க ஒரு வார்த்த கேட்டா என் முகத்துல முழிப்பாரா?"

கேல் என்றேன். அது நாள் முழுக்க அடிப்பது என்றதும் தலையாட்டி மறுத்தீர்கள். ஸ்குவால், மழையோடு சுழற்றி அடிப்பது என்றேன். "மழ எங்க பெஞ்சுது?" என்றீர்கள். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரே உதறு உதறினீர்கள். "இவ்ளோதான். வந்துது, அடிச்சுது, பூட்ச்சு. இதுக்கு ஒரு பேர் கீதான்னு பாரு." கஸ்ட் என்று காட்டினேன். படிக்கத் தெரியாவிட்டாலும் அந்த வார்த்தையின் ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தீர்கள். "அத்தையே எழுது. சின்னதா இருக்கு, நெசமா இருக்கு."

சின்னக் காற்றுக்குத் தோல் கெட்டதென்றால் மேஸ்திரி எங்கே போனான் என்றுதானே துரை கேட்பார்? அதற்கும் ஒரு நிஜமான பதில் இருந்தது. நீங்களோ அதைப்பற்றி வாயே திறக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கவேண்டும் என்ற நினைப்பே உங்களுக்கு இல்லை. அன்று எனக்கு வந்த வெட்கம் அதற்குமுன் வந்ததில்லை, பாய். ஆபீசுக்குத் திரும்பி, மேஸ்திரியை அகராதி காட்டக் களத்திலிருந்து கூப்பிட்டவன் நான், தவறு என்னுடையது என்று ஒரு வரி சேர்த்தேன். உங்களுக்குப் படித்துக்காட்டியபோது அந்த வரியை விட்டுவிட்டேன்.

துரையின் பதிலை முதலாளிக்கு நான்தான் படித்துச் சொல்லியாக வேண்டும். நீங்களும் பக்கத்தில் நின்றீர்கள். "மேஸ்திரி இருக்கட்டும். ரைட்டர் அகராதியை வேலை நேரம் முடிந்து வாசிக்கட்டும்." எனக்கு விழுந்த திட்டை நானே உரக்கப் படித்தேன். முதலாளி முறைத்தார். நீங்கள் களம்வரை என்னுடன் நடந்து வந்து, நெடுநாளாய்ச் சொல்லும் 'ரைட்டரே'யை விட்டு, "ஒரு வரிய முழுங்கிட்டியேப்பா" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

பிறகு எத்தனை வருஷம்! வேலை முடிந்ததும் அகராதியும் நானும் களத்துக்கு வந்தோம். நான் வாசிப்பேன், நீங்கள் வானத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே கையால் காட்டுவீர்கள். இன்றைக்கும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையை எழுதுமுன் அந்தக் கைக்குள் அது அடங்குமா என்று பார்த்துக்கொள்கிறேன். அடங்காததை எழுதுவதில்லை.

இன்று உங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் கதவு லேசாக ஆடியது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். புது மேஸ்திரி ஏற்கனவே "எடு" என்று கத்திக்கொண்டிருந்தான். நானும் கொடியில் கை வைத்தேன். கடைசித் தோல் உள்ளே போனதும்தான் மணல் வந்தது.

திரும்பி வந்து வாரக் கடிதத்தை முடித்தேன். மூன்றே வாக்கியம்: மத்தியானம் ஒரு கஸ்ட் அடித்தது. தோல் எல்லாம் பத்திரம். ரைட்டர் களத்தில் இருந்தான்.