"எனக்கு இன்னா பயம்" என்றவளுக்கு

இன்று காலை பள்ளிக்குப் போகும் வழியில் ரொட்டி வாசனை வந்தது. எங்கள் தெரு முனையில் புதிதாக ஒரு ரொட்டிக்கடை வந்திருக்கிறது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்திருப்பார்கள் போல. நம் ஊரில் அந்த வாசனைக்கு யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு மட்டும் கை சில்லிட்டுப் போயிற்று. மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்துகொண்டேன். கடைக்காரர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்து, "இன்னா டீச்சர், பிரஷரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ரொட்டி வாசனைக்குப் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னால் அவர் வேறு மாதிரி மாத்திரை எடுத்துக் கொடுத்திருப்பார்.

நீ இருந்தால் சிரித்திருப்பாய். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்து நாலு தேய்ப்புத் தேய்த்திருப்பாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் உன்னோடு பேச எனக்கு வாய் வரவில்லை. எனக்கு வாய் வராமல் போவது ஒன்றும் புதிதில்லை என்பது உன்னைத் தவிர வேறு யாருக்கும் சரியாகத் தெரியாது.

எழுபதுகளின் கடைசியில் நான் பிரான்சுக்குப் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தேன் அல்லவா. வடக்கே ஒரு சின்ன ஊர்ப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசிப் பழக்கும் உதவி வேலை. மில்லில் தறிகளுக்கு நடுவே நின்று நின்று காது மந்தமாகிப்போன என் அப்பா, நான் கிளம்பிய அன்று தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். போன இடத்தில் ஒரு ரொட்டிக்கடைக்கு மேலே எனக்கு அறை. குளிர்கால விடுமுறைக்குப் பள்ளியை மூடினார்கள். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் காய்ச்சலில் படுத்துவிட்டேன். கீழே அடுப்பு எரியும், சுவர் வெதுவெதுவென்று இருக்கும், வாசனை மேலே ஏறி வரும், மனுஷ முகம் மட்டும் வராது. ஒருநாள் என் பெயரை நானே சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. இங்கே செத்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தேன். காய்ச்சல் போயிற்று, குரலும் திரும்பி வந்தது. அந்த நினைப்பு மட்டும் என்னைவிட்டுப் போகவில்லை.

பயத்தை அங்கேயே விட்டுவிட்டுத்தான் விமானம் ஏறுகிறேன் என்று நம்பினேன். அது எனக்கு முன்னால் வந்து நம் ஊரில் காத்திருந்தது. வீட்டில் எந்நேரமும் ஆட்கள். "எங்க பெரிய பையன் பாரீஸ்லதான் இருக்கான், பாத்தியா?" என்று கேட்காத ஆள் இல்லை. யாராவது தோளைத் தொட்டால் தூக்கிவாரிப்போடும். சைக்கிள் மணி அடித்தால் சுவரோரம் ஒட்டிக்கொள்வேன். அம்மா ஆசையாக வஞ்சிரம் வறுத்து வைத்தால் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இவள் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று ஓடும். பிறந்து வளர்ந்த வீட்டில் விருந்தாளியைப் போல, அதுவும் திருடிவிட்டு வந்த விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தேன்.

பள்ளியில் அதைவிட மோசம். ஒரே நீளக் கூடத்தை மூங்கில் தட்டி வைத்துத் தடுத்த வகுப்புகள். தட்டிக்கு அந்தப் பக்கம் உன் வகுப்பு, இந்தப் பக்கம் என்னுடையது. நான் உள்ளே நுழைந்ததும் மொத்தப் பிள்ளைகளும் எழுந்து, "வணக்கம் டீச்சர்" என்று கத்தின. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், மறுபடியும் காற்றுதான் வந்தது. கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுத ஆரம்பித்தேன். அன்று முழுக்க எழுதிக்கொண்டே இருந்தேன். மறுநாளும் அப்படியே. பிள்ளைகள் மிரண்டுபோய்ச் சத்தமில்லாமல் பார்த்து எழுதின. தலைமையாசிரியை அம்மா வராந்தாவில் நடந்தால் காதைத் தீட்டிக்கொண்டுதான் நடப்பார். டீச்சர் குரல் கேட்காத வகுப்பு அவருக்கு டீச்சர் இல்லாத வகுப்பு. அவர் செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க நான் இன்னும் வேகமாக எழுதுவேன்.

அப்போதெல்லாம் நீ உன் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல விடுவாய். ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினாலு என்று கூரை அதிரும். செருப்புச் சத்தம் என் வாசலைத் தாண்டிப் போனபிறகுதான் நிறுத்துவாய். முதலில் எனக்கு அது புரியவில்லை. உனக்கு ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் அப்படி என்ன பிரியம் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் மத்தியானம் குழாயடியில் தூக்கைக் கழுவிக்கொண்டே கேட்டாய்.

"இன்னாடி துரைசாணி, ஒன் கிளாஸ்ல மூச்சே காணோம்? எம் பசங்களுக்குத் தொண்ட கட்டிப் போச்சுடி ஒன்னால."

நான் அழுதேன். நீ தூக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாய்.

"திமிருன்னு சொல்றாங்க ஒன்ன. பிரான்சு போய்ட்டு வந்த திமிரு, நம்ம கிட்டல்லாம் பேசமாட்டான்னு. நான் சொன்னேன், அய்யே, அது திமிரு இல்ல, அது பயந்து கெடக்குன்னு. பயம்தான?"

தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து சொல்லு. பயம்னு சொன்னா யாரும் அடிக்கமாட்டாங்க."

உன்னிடம் சொன்னேன். ரொட்டிக்கடை, காய்ச்சல், காற்று மட்டும் வந்த வாய், எல்லாவற்றையும் சொன்னேன்.  மணி அடித்ததும் என் புடவைத் தலைப்பிலேயே என் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனாய். அன்று சாயங்காலம் நான் வகுப்பில் ஒரு பாட்டை வாய்விட்டுப் படித்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் உன் பிள்ளைகள் அன்று வாய்ப்பாடு சொல்லவில்லை.

ஆனால் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. நான் பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த என் பெற்றோருக்கு அவர்களாகவே ஒரு காரணம் தோன்றிவிட்டது. பிரெஞ்சுக்காரன் ஆண்டுவிட்டுப் போன நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். "அது அந்த ஊர நெனச்சி ஏங்குது" என்றாள் அம்மா. பிரான்சைப் பார்த்துவிட்டு வந்த பெண் வாடிப்போயிருந்தால் அதற்கு வேறென்ன அர்த்தம்? பாதி ஊர் அங்கே போக ஏங்கிக்கொண்டிருக்கிறது. என் அப்பா கேட்கத் தயங்கும் இடங்களிலெல்லாம் போய்க் கேட்டு, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு சொல்தா வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து செத்துப்போனவரின் மகன், பாரீசில் ரயில்வேயில் வேலை, லீவில் வந்திருந்தார். என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் இத்தனையும். அப்பா என்னைத் திட்டியிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருப்பேன். ஆசையாகக் குழியில் தள்ளுகிறவரிடம் என்ன பேசுவது?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். எனக்குத் தலைவாரிவிட நீ காலையிலேயே வந்துவிட்டாய். பின்னலை இறுக்கிக்கொண்டே, "சொல்லிட்டியா?" என்றாய். இல்லை என்றேன். "எப்பச் சொல்லுவ, ஏர்போர்ட்லயா?" என்று தலையில் குட்டினாய். கூடத்தில் மாப்பிள்ளையின் அம்மா உட்கார்ந்திருந்தார். வெள்ளைப் புடவை, ஒடிசலான உருவம், பார்வை மட்டும் கூர்மை. மாப்பிள்ளை நல்ல மாதிரிதான், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எல்லோரையும்விடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார், காது கேட்காதவர் பேசுவதுபோல. "பொண்ணுக்கு அந்த ஊருன்னா உசுரு. வந்ததுலேர்ந்து சோறே எறங்கல." எல்லோரும் சிரித்தார்கள்.  எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நீ என் பின்னால் நின்று முதுகில் ஒரு விரலால் குத்தினாய்.

"எனக்குப் பயமா இருக்குப்பா" என்றேன்.

அப்பா காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "இன்னா? சத்தமா சொல்லு" என்றார்.

அதுவரை என் வாழ்நாளில் நான் கத்தியதில்லை. அன்று கத்தினேன். "பயமா இருக்கு! அங்க போகமாட்டேன்! அங்க போனா செத்துடுவேன்!" தெருவில் போன ஆள் நின்று எட்டிப் பார்த்தான். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு இந்தத் தடவை கேட்டுவிட்டது. அவர் முகம் சுருங்கியது. அதைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார். "வுடுங்க. நானும் எங்க ஊட்டுக்காரரு பட்டாளத்துல இருந்தப்ப சைகோன்ல தனியா கெடந்தவதான். பயந்த பொண்ண இட்டுக்கினு போய் இன்னா பண்றது?" சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் நின்ற உன்னை மேலும் கீழும் பார்த்தார். நீ யார், எந்தத் தெரு, யார் பெண் என்று விசாரித்தார். நம்ம ஜனம்தான் என்று தெரிந்ததும் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு பாதி விளையாட்டாகக் கேட்டார். "நீ பயப்படுவியா?"

"எனக்கு இன்னா பயம்?" என்று சிரித்தாய்.

அதே வருஷம் உனக்கும் அந்த மாப்பிள்ளைக்கும் கல்யாணம். உனக்குக் கீழே இரண்டு தங்கைகள்; உன் வீட்டில் இந்தச் சம்பந்தத்தைத் தெய்வம் கொடுத்த வரமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். நீயும் அப்படித்தான் சொன்னாய். மெட்ராசுக்குக் கார் கிளம்பும் முன்னால் உன்னைத் தனியே இழுத்து, "நெஜமாவே பயமில்லையா?" என்று கேட்டேன். "நீ பயந்ததே ரெண்டு பேருக்கும் போதும்டி" என்றாய். பட்டுப்புடவையும் கனகாம்பரமுமாக நீ காரில் ஏறினாய். ஊரே கையசைத்தது. நானும் அசைத்தேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து உன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாய். மினுமினுப்பாக இருந்தாய், வாசனையாக இருந்தாய். வைத்திக்குப்பம் கரைக்கு மீன் வாங்கப் போனோம். முன்பெல்லாம் நீ பேரம் பேச உட்கார்ந்தால் மீன்காரிகள் உன் பரம்பரையையே திட்டுவார்கள். நீ அவர்கள் பரம்பரையைத் திட்டுவாய். கடைசியில் கொசுறாக நாலு சங்கரா கூடையில் விழும். அன்று நீ கூடை முன்னால் நின்றுகொண்டே இருந்தாய். உதடு மட்டும் அசைந்தது. "இன்னாம்மா, பிரான்சுக்காரங்கன்னா எங்ககிட்டல்லாம் பேசமாட்டீங்களா?" என்றாள் மீன்காரி.  உன்னை இழுத்துக்கொண்டுபோய் ஒரு படகு மறைவில் உட்காரவைத்தேன். அவர் நல்லவர்தான் என்றாய். அவருக்கு வேலை நேரம் இரவும் பகலும் மாறி மாறி வரும் என்றாய். பகலெல்லாம் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றாய்.

"பயமா இருக்குடி" என்றாய்.

"போகாத. இங்கயே இரு. நான் பேசறேன் ஒங்க வீட்ல."

நீ உன் பெண்ணைப் பார்த்தாய். அவள் மணலில் காலை வைக்க முகம் சுளித்துக்கொண்டு, உன்னிடம் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். "அவ அந்த ஊருப் பொண்ணுடி" என்றாய். எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாய். அந்த வாரமே திரும்பிப் போனாய்.

போன குளிர்காலத்தில் எதிர்வீட்டுப் போனில் உன் கணவர் பேசினார். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தாராம். வேலையிலிருந்து வருவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்களாம். அவர் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் நீ ஏதோ பேசிக்கொண்டே இருந்தாயாம். என்ன மொழி என்று நர்சுக்குப் புரியவில்லையாம். அவர் அழுதார். நான் அழவில்லை. அங்கே எனக்கு வரவேண்டியது என்று நான் பயந்து கிடந்தது, தேதி தவறி, ஆள் மாறி வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. நீ சொன்னதைக் கேட்க ஒரு தமிழ்க் காது இல்லாமல் போயிற்றே.

போன வாரம் என்னிடம் படித்த பெண் ஒருத்தி தன் அம்மாவோடு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தாள். மாப்பிள்ளை பாரீசில். தட்டில் பழம், வெற்றிலை, எல்லாம். யார் வந்தாலும் இப்போது நான் அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுகிறேன். ஊரில் எனக்கு அபசகுனம் பிடித்தவள் என்று பெயர்கூட வந்தாயிற்று.

"பயமா இருக்கா?" என்றேன்.

"எதுக்கு டீச்சர் பயம்?" என்று சிரித்தாள். உன் சிரிப்பேதான். அவள் அம்மா என்னை முறைத்தாள். நான் மறுபடியும் கேட்டேன். சிரிப்பு நின்றது. அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இருக்கு டீச்சர்" என்றாள். அம்மாக்காரி சட்டென்று மகளைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குமுன் ஒருநாளும் பார்க்காதவள்போலப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் இனி என்ன முடிவு செய்வார்களோ, எனக்குத் தெரியாது. "சொல்லு" என்று அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.