வரிசையை யார் போட்டது

மே 18, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாவு புளித்துவிட்டது. தோசைதான்.

மகள் கயல் +2 முடித்து வீட்டில். கணக்கு–கம்ப்யூட்டர் குரூப். மார்க் பரவாயில்லை. என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் "தெரியலம்மா". காலையில் ஒரு தெரியல, மதியம் ஒரு தெரியல, பால் கொண்டுவரும் அக்கா கேட்டதற்கும் ஒரு தெரியல.

இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். கல்லூரி விண்ணப்பத்தை நானே போட்டுவிட்டேன். கயலிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை சப்-சென்டரில் கர்ப்பிணிகள் பதிவை ஏற்றிக்கொண்டிருந்தேன். அந்த வேகத்தில் இதையும் ஏற்றினேன். பதினாறு வருஷமாக ஊர் நர்ஸ். என்ட்ரி பாக்கி இருந்தால் எனக்குக் கை அரிக்கும். முதல் விருப்பம்: தஞ்சாவூர், கம்ப்யூட்டர் சயின்ஸ். எல்லாரும் போடுவது. ஓ.டி.பி. என் போனுக்குத்தான் வந்தது. அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்த திங்கள் வரை விருப்பங்களையும் வரிசையையும் மாற்றலாமாம். கீழே சின்ன எழுத்தில் இருந்தது.

நிம்மதியாக இருக்கும் என்று பார்த்தால், இல்லை. இந்தப் பெண்ணுக்கு என்ன பிடிக்கும் என்று யாராவது கேட்டால் நானும் "தெரியல" என்றுதான் சொல்வேன். இந்த வாரம் என்னோடு சுற்றட்டும். நாலு வேலையைப் பார்க்கட்டும்.

மாட்டாஸ்பத்திரி – செ.
தடுப்பூசி – பு. (நம்முடையது)
ஆற்று ரெகுலேட்டர் – வி.
மிக்ஸி ஜார் ரிப்பேர் – மறக்கக் கூடாது.

மே 19, செவ்வாய்

மாட்டாஸ்பத்திரி. வயிறு உப்பிய ஆடு ஒன்று, சினை பார்க்க வந்த பசு மூன்று. கயல் மாட்டையே பார்க்கவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தாள்.

"எதை மொதல்ல பாக்கணும்னு யார் முடிவு பண்றது, மேடம்?"

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எந்த மாட்டுக்காரரு அதிகமா கத்துறாரோ, அவரு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் முடிவு பண்றது என்று என்னைத்தான் கேட்ட மாதிரி இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு.

பஸ்ஸில் கேட்டேன், பிடித்ததா என்று. "ஆட்டுக்குச் சரியாயிடுமா?" என்றாள். இது பதிலா?

மே 20, புதன்

தடுப்பூசி நாள். குழந்தைகள் 22. கயலை டோக்கன் கொடுக்க வைத்தேன். கொஞ்ச நேரம் ஒழுங்காகக் கொடுத்தாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"அம்மா, கீழக்கரைக்காரங்க எப்பவும் கடைசிதானா?"

"வந்த வரிசைதான்டி. முன்னாடி வந்தா முன்னாடி."

"அவங்களுக்கு முதல் பஸ்ஸே பத்தே காலுக்குத்தானே."

வேலை நேரத்தில் வாயடிக்காதே என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிப்போனது. மதியம் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினேன். மாசா மாசம், என் சப்-சென்டரின் கடைசி ஊரான கீழக்கரையின் பிள்ளைகள் கடைசிப் பக்கத்தில். என் கையெழுத்துதான். வெயிலில் காத்துக் கிடந்து ஊசி போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த புதனுக்குக் கீழக்கரைக்கென்று பத்து டோக்கனைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். கயலிடம் சொன்னேன். "ம்" என்றாள். ஆனால் ராத்திரிச் சாப்பாட்டில் மூணாவது சப்பாத்தி கேட்டாள். கோபம் போய்விட்டது.

மே 21, வியாழன்

ரெகுலேட்டர். வாய்க்கால்களுக்குத் தண்ணீர் பிரிக்கிற மதகு. ஆற்றில் தண்ணீர் இன்னும் வரவில்லை. மணல்தான். மதகை ஏற்றி இறக்கும் லஸ்கர் செல்வராசு அண்ணன் ஷட்டருக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தார். அவர் பிள்ளைகள் இரண்டுக்கும் ஊசி போட்டவள் நான். அந்த மரியாதையில் மேலே விட்டார்.

"எந்த வாய்க்காலுக்கு எவ்வளவுன்னு யாரு மாமா முடிவு பண்றது?"

"மேலேருந்து போன்ல சொல்லுவாங்கம்மா. நான் திறப்பேன்."

"கடைசி ஊருக்குப் போய்ச் சேந்துச்சான்னு?"

"வரலன்னா அந்த ஊர்க்காரங்க வந்து என் சட்டையைப் புடிப்பாங்க. அப்பத் தெரியும்."

கயல் இந்த முறை சிரிக்கவில்லை. திரும்பும்போது என் பையிலிருந்து மாத்திரைச் சீட்டை எடுத்து, பின்பக்கம் கோடு கோடாக இழுத்தாள். ஆறு, நாலு வாய்க்கால், வாய்க்கால் முடிகிற இடத்தில் ஊர்கள். கீழக்கரையும் இருந்தது, பத்தே கால் பஸ்ஸோடு.

"எந்த ஊருக்கு எது எப்பப் போய்ச் சேருதுன்னு படிக்கிறதுக்கு என்னம்மா பேரு?"

அப்படி ஒரு படிப்பு உண்டா? எனக்கு எப்படித் தெரியும்? பஸ் பாபநாசம் வரும்வரை இரண்டு பேரும் போனில் தேடினோம். புவியியல் என்று வந்தது. கும்பகோணத்தில் இருக்கிறது. அதைப் படித்து என்ன வேலைக்குப் போவது? கேள்வி வாய் வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். நானா இது?

மிக்ஸி ஜார் மறந்துபோச்சு.

மே 22, வெள்ளி

மஸ்கட்டில் லீவு. கயலின் அப்பா போன். "காலேஜுக்குப் போட்டாச்சா?"

"ம்."

"என்ன போட்ட?"

"சிக்னல் சரியில்லைங்க."

கயல் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மே 24, ஞாயிறு

நாளை கடைசி. நேற்று முழுக்க எப்படிச் சொல்வது என்று ஒத்திகை. குளிக்கும்போதுகூட. இன்று காலை காபி டம்ளரை வைத்ததும் சொல்லிவிட்டேன். "கயலு, போன வாரமே நான் போட்டுட்டேன். உன்னைக் கேக்காம. தப்புதான்."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னைக்குச் சாயங்காலமே மெசேஜ் வந்துச்சு. உன் போன் சார்ஜ்ல கெடந்துச்சு. பாத்தேன்."

"ஏண்டி கேக்கல?"

"நீயா சொல்லுவியான்னு பாத்தேன்." காபியை ஆற்றினாள். "சொல்லலன்னா கம்ப்யூட்டர் சயின்ஸே படிச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. லேப்டாப்பை எடுத்து வந்தாள். முதல் விருப்பம் புவியியல், கும்பகோணம். இரண்டாவது புள்ளியியல். நான் போட்டதை அழித்துவிடு என்றேன். "மூணாவதா இருக்கட்டும். அதுவும் பாப்போம்" என்றாள்.

பிறகு விண்ணப்பத்தின் மேல்பகுதிக்குப் போய், மொபைல் எண் என்ற கட்டத்தில் என் நம்பரை அழித்துத் தன் நம்பரைப் போட்டாள்.

ஓ.டி.பி. அவள் போனுக்குப் போனது. பழக்கத்தில் என் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. என்ன வந்தது என்று அவளைக் கேட்டேன்.